ரெண்டு நிமிஷ வேலைதான் மேம்

போன செமஸ்டர் ஹேக்கத்தான்ல எங்க டீமுக்கு ரெண்டாவது பரிசு கிடைச்சது. ஞாபகம் இருக்கறவங்க கை தூக்குங்க. விடியக்காலை மூணு மணிக்கு ப்ராஜெக்டர் கேபிளைக் காணோம்னு செமினார் ஹாலைச் சுத்திச் சுத்தி ஓடினது நாங்கதான்.

எங்க ஐடியா இதுதான். அரசு தொடக்கப் பள்ளியில ஒவ்வொரு குழந்தையும் ஒரு பத்தியைச் சத்தமா வாசிக்கும். டீச்சர் அதை போன்ல ரெக்கார்ட் பண்ணுவாங்க. எங்க மாடல் அதைக் கேட்டுட்டு, இந்தக் குழந்தைக்கு ல, ள, ழ தகராறு, அந்தக் குழந்தைக்குக் கூட்டெழுத்து வரல என்று ரிப்போர்ட் குடுக்கும். மேல ஒரு டாஷ்போர்டு. மாவட்டம், ஒன்றியம், பள்ளி, வகுப்பு என்று கலர் கலரா. ஜட்ஜ் ஒருத்தர் மட்டும், "இது டீச்சருக்கு எக்ஸ்ட்ரா வேலை ஆகாதா?" என்று கேட்டார். பதில் சொன்னது நான். "ஒரு ஸ்டூடண்டுக்கு ரெண்டு நிமிஷ வேலைதான் சார்." அவர் தலையாட்டினார். மார்க் விழுந்தது.

தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனப்ப இதை அத்தைகிட்ட பெருமையா காட்டினேன். அத்தை ஈரோடு மாவட்டத்துல ஒரு ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில தலைமையாசிரியை. ஒண்ணாம் வகுப்புல இருந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் 38 பிள்ளைங்க. அத்தையோட சேர்த்து ரெண்டே டீச்சர். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழு டெமோவையும் பொறுமையா பார்த்தாங்க. பாராட்டினாங்க. அப்புறம் கேட்டாங்க: "நல்லாத்தான் இருக்குது கண்ணு. இதை எப்பப் பண்றது?"

குத்திக்காட்டல. கேலியும் இல்ல. எந்த நேரத்துல இதைப் பண்றதுன்னு நிஜமாவே கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. 38 பிள்ளைங்க, ஆளுக்கு ரெண்டு நிமிஷம், மொத்தம் 76 நிமிஷம். அதுவும் யாரும் அழாம, யாரும் ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லாம, பின்னாடி மத்த பிள்ளைங்க சத்தமே போடாம இருந்தா. ஒரு பிள்ளை போனைப் பார்த்து வாசிக்கும்போது மீதி 37 பேர் என்ன பண்ணுவாங்க? எஞ்சினியரிங் படிக்கற நாலு பேர் 24 மணி நேரம் உக்காந்து இந்த ஒரு பெருக்கல் கணக்கைப் போடல.

நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். அரசுப் பள்ளிக்குள்ள நான் முதன்முதலா கால் வச்சது 2024-ல ஓட்டு போடத்தான். உங்கள்ல பாதிப் பேரும் அப்படித்தான்னு நினைக்கறேன். அதனால எனக்கு எல்லாம் தெரியும்னு வந்து நிக்கல. ஆனா இந்தப் பள்ளிகளுக்கான ஆப், போர்ட்டல், டாஷ்போர்டு எல்லாத்தையும் எழுதப் போறது நம்மள மாதிரி ஆளுங்கதான். அதனால இது நமக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம்னு தள்ளிவிடவும் முடியல.

லீவு முடிஞ்சு கிளம்பும்போது அத்தைகிட்ட ஒரு உதவி கேட்டேன். ஒரு வாரத்துக்கு, எந்த வேலை எப்ப ஆரம்பிச்சு எப்ப முடியுதுன்னு வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் போடுங்க, நான் எக்ஸெல்ல ஏத்திக்கறேன்னு. (யோசிச்சுப் பார்த்தா நானும் ஒரு படிவத்தைத்தான் நீட்டியிருக்கேன்.) அக்டோபர் கடைசி வாரம். பரீட்சை இல்ல, தேர்தல் வேலை இல்ல, பெரிய அதிகாரி யாரும் விசிட் வரல. சாதாரணமான வாரம்.

காலையில 8:10-க்கு கேட் பூட்டைத் திறக்கறது அத்தைதான். அந்தப் பள்ளியில வாட்ச்மேன் கிடையாது, கிளார்க் கிடையாது, பியூன் கிடையாது. சாவிக்கொத்து ஹேண்ட்பேக்லயே இருக்கும். 2022 செப்டம்பர்ல இருந்து காலை உணவுத் திட்டம் இருக்கு இல்லையா, சுயஉதவிக் குழு அக்காங்க சமைச்சு முடிக்கும்போது அத்தை அங்க இருக்கணும். சாம்பார் ருசி பார்க்கணும், எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு எண்ணணும். இந்தத் திட்டத்தை நீங்க குறை சொன்னா அத்தை சண்டைக்கு வந்துருவாங்க. "பசியோட உக்காந்திருக்கற புள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கறது? இப்பப் பாரு, திங்கக்கிழமை லீவே போட மாட்டேங்குதுங்க." அது சரி. ஆனா அந்த 50 நிமிஷம் எந்தப் பதிவேட்டுலயும் அவங்க வேலை நேரமா ஏறாது.

அப்புறம் ஆப்ல வருகைப்பதிவு. சிக்னல் வகுப்புக்குள்ள வராது, வேப்பமரத்துக்குக் கீழதான் வரும். ஒண்ணு முதல் மூணு வரைக்கும் ஒரு அறையில ஒரு டீச்சர், நாலும் அஞ்சும் அத்தைகிட்ட. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துல பிள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிச்சுப் பாடம் நடத்தணும். 2022-ல மூணாம் வகுப்பு வரைக்கும் வந்தது, அடுத்த வருஷம் நாலு, அஞ்சுக்கும் வந்துருச்சு. யோசனை நல்ல யோசனை என்றுதான் அத்தையும் சொல்றாங்க. வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் தெரிஞ்ச பிள்ளையையும் ஒரே பாடத்துல உக்கார வைக்காம இருக்கறது நியாயம்தானே. ஆனா நிலைக்கு ஒரு செயல்பாடு, பிள்ளைக்கு ஒரு பயிற்சி நூல், அதுக்கு ஒரு வளரறி மதிப்பீடு, அதையெல்லாம் ஒவ்வொரு பிள்ளையா போன்ல பதிவேத்தற வேலை. இந்தக் கடைசி வேலை பெரும்பாலும் ராத்திரி வீட்டுலதான் நடக்குது.

நடுநடுவுல வர்றதைப் பட்டியலா போட்டா இந்த இதழே பத்தாது. ஆதார்ல பேரு ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டுல பேரு வேற மாதிரி, அதைச் சரி பண்ணணும். ஸ்காலர்ஷிப்புக்கு வங்கிக் கணக்கு. சீருடை அளவு. செருப்பு அளவு. புத்தகம் வந்து இறங்கியிருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்கன்னு போன். வண்டி வாடகையை முதல்ல அத்தைதான் குடுத்தாங்க. அது திரும்பி வந்துச்சான்னு கேட்டேன், சிரிச்சாங்க. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், அதோட போட்டோ. சனிக்கிழமை குறுவள மையத்துல பயிற்சி. எல்லாத்துக்கும் மேல வாட்ஸ்அப் குரூப். "மிக மிக அவசரம்", "இன்று மாலை 3 மணிக்குள்", "தனிக் கவனம்". அந்த வாரத்துல மட்டும் பள்ளியில எத்தனை கழிப்பறைன்னு ரெண்டு தடவை கேட்டிருக்காங்க. ஒரு தடவை ஒரு தளத்துல, இன்னொரு தடவை எக்ஸெல் ஷீட்ல. போன மாசமும் அதையே கேட்டிருக்காங்களாம். "கக்கூஸு எந்திரிச்சு நடந்தா போயிரும்?" என்று அந்த வாய்ஸ் நோட்ல கேக்குறாங்க. நான் அதை ஹாஸ்டல்ல ஸ்பீக்கர்ல போட்டேன். ரூம்மேட்ஸ் உருண்டு சிரிச்சாங்க.

வாரக் கடைசியில எக்ஸெல் சொன்னது: பள்ளியில 43 மணி நேரம். வீட்டுலயும் சனிக்கிழமையும் சேர்த்து 12 மணி நேரம். மொத்தம் 55. பள்ளியில இருந்த 43-ல பிள்ளைங்க முன்னாடி நின்னு பாடம் நடத்தினது 22 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. ஒரே ஆள், ஒரே வாரம். இதை ஆராய்ச்சின்னு யாராவது சொன்னா எங்க ஸ்டாடிஸ்டிக்ஸ் மேம் என்னைக் கொன்னுருவாங்க. ஆனா உங்க சொந்தத்துல, பக்கத்து வீட்டுல ஒரு அரசுப் பள்ளி டீச்சர் கட்டாயம் இருப்பாங்க. அவங்ககிட்ட இந்த நம்பரைச் சொல்லிப் பாருங்க, ஆச்சரியப்படறாங்களா இல்லையான்னு.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்தேன். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையில, ஆசிரியரின் வேலை நேரம் வாரத்துக்கு, பாடத் தயாரிப்பையும் சேர்த்து, குறைந்தபட்சம் 45 மணி நேரம் என்று இருக்கு. குறைந்தபட்சம். அதிகபட்சம்னு ஒரு வரி அந்த அட்டவணையில இல்லை. நான் ரெண்டு தடவை தேடினேன். 45-க்குக் கீழ போனா கேள்வி கேக்கலாம். மேல போனா? அதை எண்ணறதுக்கு ஒரு கட்டமே கிடையாது. நமக்குத் தெரியும் இல்லையா, டேட்டாபேஸ்ல காலம் இல்லாத விஷயம் உலகத்துலயே இல்லாத மாதிரி.

இதுல எனக்கு உறுத்தின ஒண்ணு இருக்கு. அத்தை முன்னாடியெல்லாம் சாயங்காலம் 4:10-க்கு பெல் அடிச்சதும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டாங்க. வாசிக்கத் திணறற நாலஞ்சு பிள்ளைங்களைத் திண்ணையில உக்கார வச்சு அரை மணி நேரம் சொல்லிக் குடுப்பாங்க. அம்மா அப்பா தோட்ட வேலை முடி�்சு வர நேரமாகும், பிள்ளைங்களுக்கும் போக்கிடம் இல்ல. கடலை மிட்டாய் வாங்கி வச்சிருப்பாங்க. நான் சின்னப் பையனா இருந்தப்ப ஒரு தடவை கூடப் போய் அந்த மிட்டாயைத் தின்னுருக்கேன். அந்த அரை மணி நேரத்துக்கும் யாரும் சம்பளம் குடுக்கல. அத்தையும் கேக்கல. அது அவங்களா குடுத்தது.

அந்த வாரத்து எக்ஸெல்ல அந்தத் திண்ணை வகுப்பு ஒரே ஒரு நாள்தான் இருந்தது. மீதி நாலு நாளும் 4:10-ல இருந்து 5 மணி வரைக்கும் "பதிவேற்றம்" என்று இருக்கு, ஏன்னா அந்த நேரத்துலதான் சர்வர் கொஞ்சம் நகருதாம். சம்பளம் இல்லாத நேரம் அப்படியேதான் இருக்கு. உள்ள இருந்த விஷயத்தை எடுத்துட்டு வேற ஒண்ணைத் திணிச்சுட்டாங்க. ஆசிரியர் பணி அறப்பணின்னு மேடையில பேசறவங்க இதைக் கொஞ்சம் கவனிக்கணும். அறப்பணிக்கு வச்சிருந்த நேரம்தான் முதல்ல காலியாகுது.

நவம்பர் 4-ம் தேதி வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நம்ம மாநிலத்துல ஆரம்பிச்சது. அத்தை பள்ளியில இருக்கற இன்னொரு டீச்சருக்கு பி.எல்.ஓ. வேலை, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர். வீடு வீடா படிவம் குடுத்து, திரும்ப வாங்கி, போன்ல ஏத்தணும். கதவு பூட்டியிருந்தா மறுபடி போகணும். அவங்க வராத நாள்ல அஞ்சு வகுப்பும் அத்தை ஒருத்தர் கையில. இப்ப வாய்ஸ் நோட் கேக்கற தைரியம் எனக்கு இல்ல.

இது சட்டவிரோதமான்னு கேட்டா, இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 27-வது பிரிவு, ஆசிரியர்களைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாதுன்னு சொல்லிட்டு, மூணு விலக்கு குடுக்குது: பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தொடர்பான பணிகள். சும்மா செய்யற வேலையும் இல்ல, பி.எல்.ஓ.க்களுக்கான ஆண்டு மதிப்பூதியத்தைத் தேர்தல் ஆணையம் 2025-ல 6,000-ல இருந்து 12,000 ரூபாயா உயர்த்திச்சு. மாசத்துக்கு ஆயிரம் ரூபாய்.

ஆனா என்னை யோசிக்க வச்சது 2007-ல வந்த ஒரு தீர்ப்பு. ஆசிரியர்களைத் தேர்தல் வேலைக்கு எடுக்கறதால வகுப்பு நடக்கறதில்லைன்னு ஒரு பள்ளி வழக்குப் போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. நீதிமன்றம் என்ன சொல்லிச்சுன்னா, ஆசிரியர்களை வாக்காளர் பட்டியல் வேலைக்கும் தேர்தல் வேலைக்கும் விடுமுறை நாள்லயும் பாடம் இல்லாத நேரத்துலயும் எடுத்துக்கலாம், சாதாரணமா பாட நேரத்துல எடுக்கக் கூடாது. பிள்ளைங்களுக்கு நல்ல தீர்ப்பு. நானும் படிச்சவுடனே சூப்பர்னுதான் நினைச்சேன். அப்புறம்தான் உறைச்சது. வகுப்பு நேரத்தைக் காப்பாத்தியாச்சு, அந்த வேலை எங்க போச்சு? டீச்சரோட ஞாயித்துக்கிழமைக்குப் போச்சு. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒண்ணுல இருந்து இன்னொண்ணா மாத்தத்தான் முடியும்னு படிச்சோமே, கிட்டத்தட்ட அதே கதை. வேலையைக் குறைக்காம எதைக் காப்பாத்தினாலும் அது வேற யாரோ ஒருத்தரோட நேரத்துல போய் இறங்கும்.

2025 டிசம்பர்ல உச்ச நீதிமன்றமே பி.எல்.ஓ.க்களோட சுமையைக் குறைக்கக் கூடுதல் ஆட்களைப் போடச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவு போட வேண்டி வந்தது. அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருது, 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியா வச்சு. இந்தத் தடவை பேப்பர் இல்ல, மொபைல் ஆப். யாரோட மொபைல்னு உங்களுக்கே தெரியும்.

இதை மெஸ்ல பேசினப்ப என் நண்பன் ஒருத்தன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சுட்டு சண்டைக்கு வந்தான். "டேய், அவங்க சம்பளம் தெரியுமா உனக்கு? நமக்கு கேம்பஸ்ல வருஷத்துக்கு மூணரை லட்சம், அவங்களுக்கு மே மாசம் லீவு வேற. எங்கம்மா பிரைவேட் ஸ்கூல் டீச்சர், மாசம் பன்னண்டாயிரம். அவங்களைப் பத்தி எழுதுடா." அவன் சொன்னது ஒண்ணும் பொய் இல்ல. நிரந்தரப் பணியில ரொம்ப வருஷம் இருக்கற அரசுப் பள்ளி ஆசிரியரோட சம்பளம் நல்ல சம்பளம்தான். தனியார் பள்ளி டீச்சர் நிலைமை இதைவிட மோசம், அவன் அம்மா பேப்பர் திருத்தறதை நானே பார்த்திருக்கேன். அரசுப் பள்ளியில ஓ.பி. அடிக்கறவங்க இல்லவே இல்லைன்னும் நான் சொல்ல வரல. நமக்குத் தெரியாத ஓ.பி.யா?

ஆனா அவனுக்கு நான் சொன்ன பதில் ரெண்டு. முதலாவது, சம்பளம் என்பது எவ்வளவு வேலைக்குன்னு ஒரு எல்லை இருந்தாத்தான் சம்பளம். எல்லை இல்லன்னா "இவ்ளோ வாங்கறல்ல, இதையும் பண்ணு" என்று எதை வேணாலும் தலையில கட்டலாம். ஐ.டி. கம்பெனியில சேர்ந்த நம்ம சீனியர்ஸ் எல்லாரும் ராத்திரி பத்து மணி கால் பத்தி புலம்பும்போது நாம யாரும் "சம்பளம் வாங்கறல்ல" என்று கேக்கறதில்லையே. அப்புறம், எல்லாருக்கும் அந்தச் சம்பளம் இல்ல. 2009 ஜூன் 1-ல இருந்து வேலைக்குச் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு அடிப்படை ஊதியம் அப்ப 5,200-ன்னு வச்சாங்க. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் சேர்ந்தவங்களுக்கு 8,370. ஒரே படிப்பு, ஒரே வேலை. அந்த வித்தியாசத்துக்காக இத்தனை வருஷமா தெருவுல உக்காந்துட்டு இருக்காங்க. 2012-ல மாசம் 5,000 ரூபாய்க்கு ஓவியம், உடற்பயிற்சி, கணினி எல்லாம் சொல்லிக் குடுக்க எடுத்த பகுதிநேர ஆசிரியர்கள், வாரத்துக்கு மூணு அரைநாள்னு பேரு, பல வருஷம் மே மாசச் சம்பளமே இல்லாம ஓட்டினவங்க.

இரண்டாவது பதில்: ஓ.பி. அடிக்கறவங்க மேல இந்தச் சுமை விழாது. யாரும் எண்ணாத வேலை எப்பவும் இல்லைன்னு சொல்லத் தெரியாதவங்ககிட்டதான் போய்ச் சேரும். போன் நல்லா யூஸ் பண்ணத் தெரிஞ்ச சின்ன வயசு டீச்சர் தலையில, இல்லன்னா கையெழுத்துப் போட வேண்டிய தலைமையாசிரியர் தலையில. அத்தை பள்ளியில ரெண்டாவது ஆள் அதுதான். நண்பன் கடைசியில சமாதானம் ஆகல. ரசம் ஆறிப் போச்சுன்னு எந்திரிச்சுப் போயிட்டான்.

அனிமே பார்க்கற கூட்டத்துக்கு ஒரு தகவல். ஜப்பான்ல அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓவர்டைம் கிடையாது. 1971-ல ஒரு சட்டம் போட்டு, அதுக்குப் பதிலா சம்பளத்துல 4 சதவீதம் சேர்த்துக் குடுத்துட்டாங்க. ஏன் 4 சதவீதம்? 1966-ல கணக்கெடுத்தப்ப ஆசிரியர்கள் மாசத்துக்குச் சராசரியா 8 மணி நேரம்தான் கூடுதலா வேலை பார்த்தாங்களாம். அந்த 4 அரை நூற்றாண்டு அப்படியே நின்னுச்சு, வேலை மட்டும் வளர்ந்தது. 2018-ல ஓ.இ.சி.டி. எடுத்த சர்வேல ஜப்பான் நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம். அதுல கலந்துக்கிட்ட நாடுகளோட சராசரி 38. கிளப், விளையாட்டுன்னு நாம ஸ்கிரீன்ல ரசிக்கறோமே, அதுக்கெல்லாம் பின்னாடி ஒரு டீச்சர் சனிக்கிழமை மைதானத்துல நின்னுட்டு இருக்கார். கடைசியா 2025-ல அந்த 4-ஐப் படிப்படியா 10 ஆக்கறதுக்குச் சட்டத்தைத் திருத்தியிருக்காங்க. அது போதுமான்னு அங்கயே சண்டை நடக்குது. ஆனா அவங்ககிட்ட ஒரு நம்பர் இருக்கு. அந்த நம்பரை வச்சுத்தான் சண்டையே போட முடியுது. நம்மகிட்ட அத்தையோட வாய்ஸ் நோட்தான் இருக்கு.

இப்ப நம்ம பக்கத்துக்கு வர்றேன். தமிழ்நாட்டுல அரசுப் பள்ளிகள் 37 ஆயிரத்துக்கும் மேல. ஒரு புது ஆப் வருது, பள்ளிக்கு ஒரு நாளைக்கு வெறும் 10 நிமிஷ வேலைன்னு வச்சுக்குவோம். 37,000 பெருக்கல் 10. மூணு லட்சத்து எழுபதாயிரம் நிமிஷம். 6,166 மணி நேரம். ஒரு ஆளுக்கு நாளைக்கு 8 மணி நேரம்னு வகுத்தா, 770 பேரோட முழு நாள் வேலை. தினமும். அந்த ஆப்பை எழுதற கம்பெனி சர்வருக்குக் காசு கேக்கும், எஸ்.எம்.எஸ்.க்குக் காசு கேக்கும், மெயின்டனன்ஸுக்குக் காசு கேக்கும். 770 பேர் சம்பளம் மட்டும் எந்த எஸ்டிமேட்லயும் வராது. ஏன்னா அதோட விலை பூஜ்யம்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டோம். விலை பூஜ்யமா இருக்கற பொருளை யாராவது சிக்கனமா செலவு பண்ணுவாங்களா? அதனாலதான் கழிப்பறையை மூணு தடவை எண்ணச் சொல்றாங்க.

டேட்டாவே வேண்டாம்னு நான் சொல்லல. எந்தப் பிள்ளை இடையில நின்னுபோச்சுன்னு தெரியணும்னா பதிவு வேணும். அத்தையே எமிஸ் வந்த புதுசுல சந்தோஷப்பட்டவங்கதான், மாற்றுச் சான்றிதழ் வேலை எல்லாம் சுலபமாச்சுன்னு. ஆசிரியர் சங்கங்கள் ரொம்ப நாள் கேட்டதுக்கு அப்புறம் எமிஸ் பதிவு வேலையைக் கணினி ஆய்வகப் பயிற்றுநர்களுக்கு மாத்தினதும் நடந்தது. ஆனா அந்த ஆய்வகங்கள் நடுநிலைப் பள்ளிக்கும் அதுக்கு மேலயும்தான். ரெண்டு டீச்சர் இருக்கற தொடக்கப் பள்ளிக்கு அந்த ஆளும் கிடையாது. பத்துப் பள்ளிக்கு ஒரு எழுத்தர் போடலாம், ஒழுங்கான சம்பளத்தோட. ஒரு புதுப் படிவம் வரணும்னா ஒரு பழைய படிவம் போகணும்னு ஒரு விதி வைக்கலாம். அரசு இருக்கற டேட்டாவை அரசே மறுபடி கேக்கறதை நிறுத்தலாம், அது வெறும் ரெண்டு டேபிளை ஜாயின் பண்ற வேலை, செகண்ட் இயர் பசங்க பண்ணுவாங்க. எல்லாத்துக்கும் முன்னாடி, 45-க்கு மேல போற மணி நேரத்தை எழுதி வைக்க ஒரு இடம் வேணும்.

எங்க டீம் அந்த ஆப்பைத்தான் இப்ப ஃபைனல் இயர் ப்ராஜெக்டா பண்ணிட்டு இருக்கு. முதல் ரிவ்யூல டாஷ்போர்டுல இன்னும் ரெண்டு கிராஃப் சேருங்கன்னு சொன்னாங்க. நாங்க டாஷ்போர்டையே தூக்கலாமான்னு சண்டை போட்டுட்டு இருக்கோம், டீம்ல ரெண்டுக்கு ரெண்டு. பிள்ளைங்க பேரை டீச்சர் டைப் பண்ற ஸ்கிரீனைத் தூக்கியாச்சு. நெட் இல்லாம ஓடற மாதிரி மாத்தியாச்சு. ஒரு வாரத்துல எல்லாரையும் பண்ண வேண்டாம், திணறற அஞ்சு பேர் போதும்னு வச்சோம்.

பொங்கல் லீவுக்கு முந்தின நாள் அத்தை பள்ளிக்கே போயிட்டேன். ஸ்டாப்வாட்ச் கையில. அஞ்சு பிள்ளைங்க. முதல் பையன் போனைப் பார்த்ததும் வெக்கப்பட்டு மேசைக்கு அடியில போயிட்டான். ரெண்டாவது பொண்ணு முழுப் பத்தியையும் மனப்பாடமா ஒப்பிச்சுது, ஒரு எழுத்தைக்கூட பார்க்காம. மூணாவது பிள்ளை வாசிக்கும்போது சமையல் அக்கா முட்டை வந்துருச்சு, எண்ணி வாங்கிக்கங்கன்னு கூப்பிட்டாங்க. மூணு பேர் முடியறதுக்குள்ள 19 நிமிஷம். நான் ஸ்டாப்வாட்சை நிறுத்தினேன். அத்தை என் முகத்தைப் பார்த்துட்டு, "பரவால்ல கண்ணு, இதுங்க ரெண்டும் பக்கத்து வீதிதான். சாயங்காலம் வீட்டுக்கே போய் வாங்கிட்டு, ராத்திரி போட்டுடறேன்" என்றாங்க.

ரெஸ்யூமேல "ரெட்யூசஸ் டீச்சர் வொர்க்லோட்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். எந்த இன்டர்வியூலயும் யாரும் அதை எப்படி அளந்தன்னு கேக்கல. அதை எடுத்துட்டேன். அது போனதும் ரெஸ்யூமே கொஞ்சம் காலியாத்தான் தெரியுது.

தேர்டு இயர் படிக்கறவங்களே, அடுத்த மாசம் ப்ராஜெக்ட் டைட்டில் குடுக்கணும், பாதி டீம் "ஸ்மார்ட் ஸ்கூல்" என்று ஏதாவது குடுப்பீங்க, எனக்குத் தெரியும். குடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள் பக்கத்துல இருக்கற தொடக்கப் பள்ளியில போய், தலைமையாசிரியர்கிட்ட அனுமதி கேட்டுட்டு, காலையில எட்டு மணியில இருந்து உக்காருங்க. திங்கட்கிழமையா பார்த்துப் போங்க. அவங்களுக்கு எந்தப் படிவமும் குடுக்காதீங்க, நீங்களே எழுதிக்கங்க. சிக்னல் எந்த மரத்துக்குக் கீழ வரும்னு மட்டும் கேட்டுக்கங்க.